ஃபார்மட் செய்யும் முன் ஒரு பென் டிரைவ்... பரண்மேல் கிடக்கும் லேப்டாப்பை எழுப்புவது எப்படி?

‘ஃபார்மட் பண்ணிடலாம்!’ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. ஸ்டார்ட் ஆகாத லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தால், பல நேரங்களில் இதுதான் வைத்தியம். மெஷினும் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து திறந்து பார்க்கும்போதுதான், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருந்த ஃபோல்டரைக் காணவில்லை என்பது தெரியும்.

இந்த ஆபத்து இப்போது நிறைய வீடுகளின் வாசலில் நிற்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது. பத்து வருட லேப்டாப்புக்கு அதெல்லாம் எங்கே? தமிழக அரசு 2011-ல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் அதை வாங்கிய பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் அலமாரியிலோ பரண்மேலோ தூங்குகிறது.

அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடவும் மனசு வராது. ‘பழைய விண்டோஸையே மறுபடி போட்டுவிட்டால் ஓடுமே’ என்ற யோசனை வரும். ஓடும்தான். சிடி டிரைவ் இல்லாவிட்டாலும் ஒரு பென் டிரைவ் வைத்தே போட்டுவிடலாம். ஆனால் அதே பென் டிரைவ் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும்...

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் விண்டோஸ் வருவதில்லை. மதர்போர்டில் ஒரு சிறிய சிப்பில் இருக்கும் ‘பயாஸ்’ என்ற மென்பொருள்தான் முதலில் கண் விழிக்கிறது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘அடுத்து யாரை எழுப்புவது?’ என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். அதில் ஹார்டு டிஸ்க் முதலில் இருந்தால், அந்த டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அதில் இருக்கும் குட்டி புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் குட்டி புரோகிராம் அதைவிடப் பெரியதை எழுப்பும். அது விண்டோஸை எழுப்பும். தன் ஷூவின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. ‘பூட்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பட்டியலில் ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் பென் டிரைவை வைத்தால், பயாஸ் அதையே எழுப்பும். உள்ளே இருக்கும் விண்டோஸ் கெட்டுப்போயிருந்தாலும் சரி, ஹார்டு டிஸ்க்கே இல்லாவிட்டாலும் சரி, அதற்குக் கவலை இல்லை.

ஒரு காலத்தில் இந்த வேலையை ஃபிளாப்பி செய்தது. 1995-ல் சிடியிலிருந்து பூட் செய்வதற்கு ஒரு விதிமுறை வகுக்கப்பட்டது. அதன் பெயர் ‘எல் டொரிட்டோ’. அதை உருவாக்கிய என்ஜினீயர்கள் பேசி முடிவெடுத்த கலிஃபோர்னியா உணவகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! பிறகு 2007 வாக்கில் சிடி டிரைவே இல்லாத குட்டி நெட்புக்குகள் வந்தன. அவற்றில் விண்டோஸ் 7-ஐப் போடுவதற்காக 2009-ல் மைக்ரோசாஃப்டே பென் டிரைவ் தயாரிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது.

முதலில் பார்ப்போம்... அப்புறம் போடுவோம்

பென் டிரைவின் முதல் வேலை, புதிதாக எதையும் நிறுவுவது அல்ல. உள்ளே இருப்பதை எட்டிப் பார்ப்பது. இதற்கு ‘லைவ்’ லினக்ஸ் கைகொடுக்கும். லினக்ஸ் மின்ட், பப்பி லினக்ஸ் போன்றவற்றை அவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்து நேராக மெமரியில் ஏறி ஓடும். பழைய, மெமரி குறைந்த மெஷினுக்கு பப்பி பொருத்தம். இரண்டு மூன்று ஜி.பி ரேம் இருந்தால் மின்ட்டின் ‘எக்ஸ்.எஃப்.சி.இ’ பதிப்பு போதும்.

இறக்கிய ஐ.எஸ்.ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, அதன் வழியாகத்தான் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை மொத்தமும் அழியும் என்பதால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. ‘வென்டாய்’ என்ற இன்னொரு கருவி இருக்கிறது. அதை பென் டிரைவில் ஒருமுறை போட்டுவிட்டால், அதன்பிறகு எத்தனை ஐ.எஸ்.ஓ வேண்டுமானாலும் சாதாரணமாக காப்பி செய்துகொள்ளலாம். ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று பட்டியல் போட்டுக் கேட்கும். பழைய மெஷின்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது வரம்.

பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா மெஷின்களில் பெரும்பாலும் எஃப் 12. ஹெச்.பி-யில் எஃப் 9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப் 12-தான். ஆனால் எஃப் 2 அழுத்தி பயாஸுக்குள் போய், ‘எஃப் 12 பூட் மெனு’ என்ற வரியை முதலில் ‘எனேபிள்’ செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

லினக்ஸ் திரை வந்ததும் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, தேவையானதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்துவிட வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தாலும் பெரும்பாலும் தடை இருக்காது. விண்டோஸ் ‘அனுமதி இல்லை’ என்று முரண்டு பிடிக்கும் ஃபோல்டர்களையும் லினக்ஸ் திறந்து காட்டிவிடும். வசதிதான். லேப்டாப் தொலைந்தால் பாஸ்வேர்டை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

ஒரு விதிவிலக்கு, ‘பிட்லாக்கர்’ பூட்டு. அண்மைக்கால லேப்டாப்புகள் சிலவற்றில் இது தானாகவே போடப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றினால் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். பயாஸில் கை வைப்பதற்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

‘சி டிரைவ்தானே போகும், டி-யில இருக்குறது பத்திரமா இருக்கும்’ என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாதி சரி. ஆனால் டெஸ்க்டாப்பில் இருப்பது, மை டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோக்களுக்கான பிக்சர்ஸ் ஃபோல்டர் எல்லாமே சி டிரைவில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே வைத்திருந்தால் பத்திரம் என்று நினைத்து வைத்த கல்யாண ஆல்பம்தான் ஃபார்மட்டில் முதல் பலி.

மெஷின் ஆன்கூட ஆகவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி கேஸுக்குள் போட்டால் அதுவே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகிவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் இந்த கேஸ் எளிதாகக் கிடைக்கும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க் என்றால் தனி பவர் அடாப்டர் உள்ள கேஸாக வாங்க வேண்டும். அகலமான ரிப்பன் கேபிள் செருகும் மிகப் பழைய டிஸ்க்குக்கு ‘ஐ.டி.இ’ கன்வெர்ட்டர் தேவை. டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் மட்டும் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது, மிச்சம் இருப்பதையும் கெடுத்துவிடும். அது டேட்டா ரெகவரி தெரிந்தவர்களின் வேலை.

விண்டோஸ் 7: வழியில் இருக்கும் பள்ளங்கள்

டேட்டா வெளியே வந்தாகிவிட்டது. இனி தைரியமாக நிறுவலாம். ஆனால் எதை?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. வெறும் பிரவுஸிங்குக்கும் யூடியூப்புக்கும் என்றால் லினக்ஸ்தான் சரியான தேர்வு. விண்டோஸ் 7 வேண்டும் என்பதில் பெரும்பகுதி ஏக்கம், தேவை கொஞ்சம்தான். அந்தத் தேவை உண்மையாகவே இருப்பவர்களும் உண்டு. புதிய விண்டோஸில் வேலை செய்யாத பிரின்டர், ஸ்கேனர், தையல் எம்ப்ராய்டரி மெஷினின் மென்பொருள், கடைக் கணக்குக்கான பழைய புரோகிராம் என்று ஏதாவது ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கும்.

அவர்கள் முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 25 எழுத்து கொண்ட கீ இருக்கும். அழிந்துபோவதற்குள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். பல லேப்டாப்புகளில் கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய விண்டோஸ், டிஸ்க்கின் மறைவான ஒரு பகுதியில் இன்னும் உட்கார்ந்திருக்கும். ஏசரில் ஆல்ட்டோடு எஃப் 10, ஹெச்.பி-யில் எஃப் 11 அழுத்தினால் அது வெளியே வரும். அப்படி வந்தால் பென் டிரைவே தேவையில்லை. ஆனால் அதுவும் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் நிறுவும். கண்ட தளங்களில் ‘ஆக்டிவேஷன் தேவையில்லை’ என்று கிடைக்கும் ஐ.எஸ்.ஓ-க்களைத் தொடவே வேண்டாம். பூட்டை உடைத்துக் கொடுப்பவர் உள்ளே என்ன வைத்து அனுப்பியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

நிறுவும்போது வரும் எரர்களில் இரண்டு, ஆளைத் தவறான பாதையில் இழுத்துக்கொண்டு போகும். முதலாவது: ‘தேவையான சிடி, டிவிடி டிரைவர் இல்லை.’ சிடியே இல்லாத மெஷினில் இது எதற்கு என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உண்மையில் சிடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு யூ.எஸ்.பி 3.0 தெரியாது. பென் டிரைவ் நீல நிற போர்ட்டில் செருகப்பட்டிருக்கும். விண்டோஸ் தன் சொந்த டிரைவர்களை ஏற்றிக்கொண்ட நிமிடத்தில், தான் வந்த பென் டிரைவே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கறுப்பு நிற 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. 2015-க்குப் பிறகு வந்த இன்டெல் மெஷின்கள் பலவற்றில் இந்த மாற்றுவழியும் கிடையாது. மவுஸும் கீபோர்டும்கூட செத்துவிடும். அவற்றில் விண்டோஸ் 7-ஐப் போட மெனக்கெடுவது வீண் வேலை.

இரண்டாவது எரர் ஆபத்தானது. ‘இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது. இது ஜி.பி.டி வகை’ என்றோ ‘எம்.பி.ஆர் வகை’ என்றோ வரும். யூடியூபில் தேடினால், ‘டிஸ்க்பார்ட்’ திறந்து ‘கிளீன்’ என்று டைப் செய்யச் சொல்வார்கள். செய்தால் எரர் போய்விடும். கூடவே சி, டி, ஈ என்று எல்லா டிரைவும் போய்விடும்!

விஷயம் இதுதான். பழைய பயாஸ் முறை, புதிய ‘யூ.இ.எஃப்.ஐ’ முறை என்று பூட் செய்வதில் இரண்டு வழிகள். டிஸ்க் ஒரு வழியில் பிரிக்கப்பட்டிருக்க, பென் டிரைவ் மறுவழியில் எழும்பினால் இரண்டும் ஒட்டாது. பல மெஷின்களில் பூட் மெனுவைக் கவனித்தால், ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை இருப்பது தெரியும். ஒன்றின் முன்னால் மட்டும் ‘யூ.இ.எஃப்.ஐ’ என்று போட்டிருக்கும். ஜி.பி.டி டிஸ்க் என்றால் அதையும், எம்.பி.ஆர் டிஸ்க் என்றால் மற்றதையும் தேர்வு செய்ய வேண்டும். டிஸ்க்கில் எதையும் அழிக்கத் தேவையில்லை. ரூஃபஸில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே இதைத் தேர்வு செய்யும் இடமும் இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்தில் வந்த ‘செக்யூர் பூட்’ காவல் விண்டோஸ் 7-ஐ உள்ளே விடாது என்பதால் அதையும் பயாஸில் அணைக்க வேண்டியிருக்கும்.

‘எந்த டிரைவில் நிறுவ வேண்டும்?’ என்று கேட்கும் திரையில் சி, டி என்ற பெயர்கள் தெரியாது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 2 என்று எண்கள்தான் இருக்கும். எத்தனை ஜி.பி என்பதை முன்பே குறித்து வைத்துக்கொண்டு அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். காப்பி எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க் அப்போது கனெக்‌ஷனிலேயே இருக்கக் கூடாது. ஒருவேளை பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே, ஃபார்மட் கொடுக்காமல் நிறுவிவிட்டால், பழைய டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். எல்லாம் போச்சு என்று அழுவதற்கு முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடலாம்.

எக்ஸ்.பி-யை விடாத டி.டி.பி கடைகள்

விண்டோஸ் எக்ஸ்.பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு முடிந்தது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி கடைகளில் அது எளிதில் சாகவில்லை. காரணம், பேஜ்மேக்கர். அதன் 7-ம் பதிப்போடு அடோபி நிறுத்திக்கொண்டது. யூனிகோடு தெரியாத மென்பொருள் அது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வருடக்கணக்கில் தட்டச்சு செய்து சேர்த்து வைத்த ஃபைல்கள் எல்லாம் அதில்தான் சரியாகத் திறக்கும். அந்த மெஷின் படுத்தால், வாடிக்கையாளர் ‘போன தடவை அடிச்ச அதே பில் புக்’ என்று கேட்கும்போது கையை விரிக்க வேண்டியதுதான்.

எக்ஸ்.பி-யை பென் டிரைவில் போடுவது உண்மையிலேயே தொல்லை பிடித்த வேலை. சிடிக்காகச் செய்யப்பட்ட சிஸ்டம் அது. பாதி வழியில் யூ.எஸ்.பி போர்ட்டுகளை எல்லாம் முதலிலிருந்து புதிதாகத் தொடங்க வைக்கும். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொண்ட கதை! நீலத்திரையில் ‘7பி’ என்று முடியும் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இதைச் சமாளிக்கவே ‘வின்செட்டப் ஃப்ரம் யூ.எஸ்.பி’ என்ற கருவி இருக்கிறது. அதே நீலத்திரை வேறு காரணத்துக்காகவும் வரும். இன்றைய டிஸ்க்குகள் பேசும் ‘ஏ.ஹெச்.சி.ஐ’ மொழி எக்ஸ்.பி-க்குத் தெரியாது. பயாஸில் சாட்டா அமைப்பை ‘ஐ.டி.இ’ என்று மாற்றினால் ஒத்துக்கொள்ளும். அந்த வசதி பயாஸிலேயே இல்லாத புதிய மெஷின் என்றால் விட்டுவிடலாம்.

இத்தனை பாடு எதற்கு? டி.டி.பி கடைக்கு இதைவிட நல்ல வழி, புதிய கம்ப்யூட்டருக்குள் ‘விர்ச்சுவல் பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் எக்ஸ்.பி-யை ஓடவிடுவது. ஒரு ஜன்னலுக்குள் பழைய கம்ப்யூட்டர் முழுசாக இருக்கும். அந்த மொத்த எக்ஸ்.பி-யும் ஒரே ஃபைல்தான் என்பதால், அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டால் மெஷின் போனாலும் தொழில் போகாது. கம்ப்யூட்டரின் பின்னால் பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் ‘லாக்’ வைத்த மென்பொருள்களுக்கு மட்டும் இது சரிப்படாமல் போகலாம். அவர்களுக்கு அந்தப் பழைய மெஷினேதான் கதி.

அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கக் கூடாது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, மூன்று வருடம் முன்பே கைவிட்ட எக்ஸ்.பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு அப்டேட் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கூகுள் குரோம் பிரவுஸர் எக்ஸ்.பி-யை 2016-லும், விண்டோஸ் 7-ஐ 2023-லும் கைவிட்டுவிட்டது. அந்த மெஷின்களில் பேங்க் வேலை, யூ.பி.ஐ, ஆதார் எதுவும் வேண்டாம்.

அப்படித் தனியாக ஓடும் மெஷினில் தேதி 2002, 2009 என்று பின்னால் போய் நின்றாலோ, பயாஸில் செய்த மாற்றம் ஒவ்வொரு நாளும் மறைந்துபோனாலோ, பெரிய கோளாறு என்று பயப்பட வேண்டாம். டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் ‘சிஆர் 2032’ என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, பென் டிரைவ் பற்றியது. நெட் இல்லாத எக்ஸ்.பி-க்கு ஃபைல் போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். செருகியவுடன் தானே ஓடும் ‘ஆட்டோரன்’ வசதியைப் பிடித்துக்கொண்டு 2008-ல் பரவத் தொடங்கிய ‘கான்ஃபிக்கர்’ போன்ற வைரஸ்கள், நெட் இல்லாத கம்ப்யூட்டர்களுக்கும் பென் டிரைவ் ஏறிப் போயின. அந்த வசதியை முடக்கும் அப்டேட் 2011-ல்தான் பரவலாக வந்தது. சிடியிலிருந்தோ பழைய ஐ.எஸ்.ஓ-விலிருந்தோ புதிதாக நிறுவிய எக்ஸ்.பி-யில் அது இருக்காது. எனவே அந்த மெஷினுக்கென்று ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதன்மேல் பேனாவால் பெயர் எழுதி, ஒவ்வொரு முறையும் வைரஸ் ஸ்கேன் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே செருக வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேராக அதில் செருகவே கூடாது.